உப்புக்குச் சப்பாணி

கொல்வேஸிச் சந்தையில்
கருவாட்டுக்காரிக்கும் செல்போன் பழுது பார்ப்பவனுக்கும் நடுவே
எனக்கு ஒரு மேசை தந்தார்கள்.
சனிக்கிழமை. பத்து மணிக்கே
தூசி சிவப்பாய் எழுந்துவிட்டது.

செங்கல் அளவில் ஒரு சோடியம் பேட்டரி.
ஒரு பல்பு. சின்ன மின்விசிறி.
எனாமல் கிண்ணத்தில் ஒரு பிடி உப்பு.
லுபும்பாஷியிலிருந்து வழி முழுக்க
மடியில் வைத்துக் கொண்டுவந்த சாமான்
இவ்வளவுதான்.

சொல்ல வேண்டியதைப் பேருந்திலேயே பழகியிருந்தேன்.
லித்தியம் ஓடி ஜெயித்த ஆட்டத்தில்
இத்தனை காலம் சோடியம்
உப்புக்குச் சப்பாணி.
உடம்பு பெருசு, கனமும் கூட.
சேர்த்துக்கொள்வார்கள், கணக்கில் எடுக்கமாட்டார்கள்.
இப்போது அதற்கொரு வீடு கட்டியிருக்கிறோம்,
இரும்பு கலந்த நீல வீடு,
அகலமான ஜன்னல்கள்.
சோடியம் உள்ளே வரும், போகும், மறுபடி வரும்,
தூண் அசையாது.

"துணிக்குப் போடுற நீலமா?" என்றாள் கருவாட்டுக்காரி.
அதற்குப் பங்காளி முறை என்றேன்.
சிரித்தாள். நல்ல தொடக்கம்.

"வெடிக்குமா?" என்றான் பள்ளிச் சீருடையில் ஒருவன்,
வெடித்தால் தேவலை என்ற முகத்தோடு.
எந்தப் பேட்டரிக்கும் கோபம் வரும்,
இதற்குக் கொஞ்சம் பொறுமை ஜாஸ்தி என்றேன்.
ஏமாந்து போனான்.

அப்புறம்தான் நூம்பி வந்தாள்.
நகக்கண்களில் கறுப்பு. நனைந்த பாவாடை ஓரம்.
நீரோடையில் கல் அலசி மூட்டை கட்டுகிறவள்.
"இதுல எங்க கல் எத்தனை பங்கு?"

"கோபால்ட்டா? துளிகூட இல்லை," என்றேன்
பரிசுச் சீட்டின் எண்ணை வாசிக்கும் குரலில்.

சந்தையின் அந்த மூலை மட்டும்
கரண்ட் போனது போல் ஆயிற்று.
பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அப்ப எங்களுக்கு?"

என் பதாகையில் இதற்கு இடம் விட்டிருக்கவில்லை.
சரிகிற சுரங்கம், கழிவு கலந்த ஓடை,
எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன.
அந்த ஓடையில்தான் அவள் நிற்கிறாள்.
எனக்கு அது புள்ளிவிவரம்,
அவளுக்கு முழங்கால் வலி.

திட்டவில்லை.
பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கிக்
கண்ணை மூடினாள்.
"ரெண்டரை கிலோ.
டிப்போக்காரன் தராசுல ஒண்ணே முக்கால்."
கூட்டம் சிரித்தது.
சரியான எடை இரண்டு கிலோ அறுநூறு.

"கனமா இருக்கே. யார் சுமப்பா?"
வீட்டில் வைப்பதற்கு, என்றேன்,
வீடு எங்கும் நடந்து போகாதே.

"என் வீடு நடந்திருக்கு," என்றாள்.
"சுரங்கத்தை அகலப்படுத்துனப்ப ஒரு தடவை.
போன மழைக்கு முன்னாடி இன்னொரு தடவை."

ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள்
நாலாயிரம் முறை ஏற்றி இறக்கிப் பார்த்தது
இந்தப் பேட்டரியின் குடும்பத்தைத்தான்.
ஒரு வீட்டை எத்தனை முறை
ஏற்றி இறக்கலாம் என்று பார்க்கவில்லை.

பதினோரு சதவீதத்தில் இருந்த போனை நீட்டினாள்.
"ஏத்தி வை. மரவள்ளி மாவு வாங்கிட்டு வரேன்."

அதன் வயிற்றிலும் சில கிராம் கோபால்ட் இருக்கும்.
யார் அலசிய கல்லோ,
கடல் தாண்டிப் போய்
பெயர் மாறி, விலை ஏறி,
தவணை முறையில் திரும்பி வந்திருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
சரி.
கல்லிட்டவரை?

பக்கத்துக் கடையில் ஒரு கரித்துண்டு வாங்கி
பதாகையில் 'சுத்தமான' என்ற சொல்லை அடித்தேன்.
பதிலுக்கு என்ன எழுத என்று தெரியாமல்
கரியைக் கையிலேயே வைத்திருந்தேன்.
நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

போன் அடித்தது.
திரையில் பெயர்: டிப்போ.
எடுக்க எனக்கென்ன உரிமை.
அடித்து ஓய்ந்தது. நாற்பத்தேழு சதவீதம்.
உப்பு கொடுத்துக்கொண்டிருந்தது,
கல் வாங்கிக்கொண்டிருந்தது.